பேபிக்குப் பென்ஷன் கொடுத்தவர்

கோவிந்தசாமி மாஸ்டர் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் பிம்ப்ரி சந்தையில் கையில் ஒரு கட்டு வெந்தயக் கீரையோடு நின்றுகொண்டிருந்தேன். கைப்பேசியில் அவருடைய மகள் கலாவதி. "அங்கிள், அப்பா காலைல..." என்று ஆரம்பித்தவளுக்கு அதற்குமேல் தமிழ் வரவில்லை. "பாபா கேலே, அங்கிள்" என்று மராத்தியில் சொல்லி முடித்தாள். அப்பா போய்விட்டார். என் முகத்தைப் பார்த்த கீரைக்காரி என்ன ஆயிற்று என்று கேட்டாள். "தெரிந்த டெய்லர் ஒருவர் தவறிவிட்டார்" என்றேன். பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகு, அந்த ஒரு வரி போதாது என்று தோன்றிக்கொண்டே இருந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

கட்கியில் பழைய தமிழ்க் குடும்பங்களுக்கு அவரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. உங்களில் பாதிப் பேர் அவர் தைத்த கால்சட்டையில்தான் மணமேடை ஏறினீர்கள். ஆனால் நம் தமிழ்ச் சங்கத்தின் மலரை இப்போது பாணேர் பக்கம் புதிதாகக் குடிவந்திருப்பவர்களும் படிக்கிறார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். பஜாரில் மிலிட்டரிக்காரர்களுக்கும் காவலாளிகளுக்கும் காக்கியும், அக்கம்பக்கத்தவருக்கு மற்றத் துணிகளும் தைக்கும் ஒரு சின்னக் கடை அவருடையது. பிறந்தது மிலிட்டரி முகாமும் ஃபேக்டரியுமான கட்கியில்; பேச்சு மட்டும் அப்பா கொண்டுவந்த குடியாத்தம் பேச்சு. அலுவலகக் குமாஸ்தாவான நான் இருபது வருடத்துக்கு மேல் அவருக்கு அடுத்த வீட்டுக்காரன். ஒரே வரிசை, ஒரே ஓட்டுக்கூரை, நடுவில் ஒரு சுவர். அவர் வீட்டில் சண்டை நடந்தால் யார் பக்கம் நியாயம் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

பணிவு என்பது அவரிடம் கிடையாது. ஒருமுறை ஒரு மேஜர், போன வருடம் தைத்த சட்டை இறுக்குகிறது, அளவு தப்பு என்று கடைக்கு வந்து சத்தம் போட்டார். மாஸ்டர் டேப்பை எடுத்துச் சட்டையை அளந்தார். பிறகு மேஜரை அளந்தார். "சட்டை அப்படியேதான் கீது சாப். நீங்கதான் ஊதிட்டீங்க" என்று இந்தியும் தமிழும் கலந்து சொல்லிவிட்டு மிஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டார். மேஜர் சிரித்துவிட்டதால் கடை தப்பித்தது.

நான் சொல்ல வந்தது அவருடைய ஆட்டின் கதை. கலாவதி குழந்தையாக இருந்தபோது பாலுக்காக வாங்கிய கறுப்பு ஆடு. வாங்கும்போது குட்டி என்பதால் பேபி என்று பெயர் வைத்தார்கள். பேபி குட்டிகள் போட்டது, வருடக்கணக்கில் பால் கொடுத்தது, கலாவதி பள்ளி முடிக்கும் நேரத்தில் கிழவியாகிவிட்டது. முன்பற்கள் விழுந்துவிட்டன. இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. அப்போதும் அதற்குப் பேபி என்றுதான் பெயர்.

தொண்ணூறுகளின் கடைசி. முளா ஆற்றுப் பக்கமிருந்து காற்று குளிர ஆரம்பித்த ஒரு மாலை, இறைச்சிக்கடை காசிம் பாய் மாஸ்டரைத் தேடி வந்தார். பாய் வாணியம்பாடிக்காரர், மாஸ்டரின் நெடுநாள் நண்பர். நானும் அப்போது கடையில் இருந்தேன்.

"மாஸ்டர், நான் ஏவாரத்துக்குச் சொல்லல. பேபி இந்தக் குளிரைத் தாண்ட மாட்டா. வயசான ஆட்டுக்கு நெஞ்சுல சளி கட்டிடுச்சுன்னா இழுத்துகினு கெடக்கும், பாக்க முடியாது. இப்பவே குடுத்துடுங்க" என்றார்.

மாஸ்டர் தையலை நிறுத்தவில்லை. "கட்கியில எல்லாருக்கும் பென்ஷன் கீது பாய். ஃபேக்டரிக்காரனுக்குக் கீது, மிலிட்டரிக்காரனுக்குக் கீது, தோ இந்த சாருக்குக் கூட வரப்போவுது. எனக்குக் கெடையாது. என் வூட்டுல ஒருத்திக்காவது இருந்துட்டுப் போவட்டும்" என்றார். பாய் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

அந்தப் பேச்சு வரிசை முழுக்கப் பரவிவிட்டது. பேபி பென்ஷன் வாங்குகிறாள் என்று ஆளுக்கு ஆள் கேலி. மாஸ்டரின் மனைவி ராஜம்மாவே, "பால் குடுக்காத ஆட்டுக்குத் தீனி போட்றாரு, பேச்சு குடுக்குற பொண்டாட்டிக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துத் தர மாட்டாரு" என்று என் மனைவியிடம் குறைப்பட்டுக்கொண்டார். கேலி அதிகமாக ஆக, மாஸ்டருக்கு வைராக்கியம் ஏறியது. இந்த ஆட்டைக் குளிர் தொடக் கூடாது, அவ்வளவுதான்.

முதல் காரியமாக, பின்கட்டிலிருந்த தகரக் கொட்டகையை அடைத்தார். அடைத்தார் என்றால் ஒரு பொத்தல் விடாமல் அடைத்தார். சுற்றிலும் கோணி, கோணிக்கு மேல் தார்ப்பாய், கதவிடுக்கில் பழைய காக்கித் துணி. தரையில் கடையில் விழும் வெட்டுத் துணிகளை மெத்தைபோலக் குவித்தார். சாயங்காலம் சிகடி என்கிற சின்னக் கரியடுப்பில் கரி போட்டுக் கொஞ்ச நேரம் உள்ளே வைத்தும் எடுத்தார். "உள்ள வந்து பாரு சார், சிம்லாவுல கூட இந்த சூடு கெடைக்காது" என்று என்னை அழைத்துக் காட்டினார். எனக்கும் பிரமாதமாகத்தான் தெரிந்தது.

டிசம்பர் பாதிக்குள் பேபி இரும ஆரம்பித்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருக்கும் எனக்கு அது மனிதர் இருமுவது போலவே கேட்கும். பிறகு மூக்கொழுகல். பிறகு ஒரு காலையில் தீனியை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. கழுத்தை நீட்டி வைத்துக்கொண்டு, வயிறு ஏறி ஏறி இறங்க மூச்சு வாங்கினாள். மாஸ்டர் கடையைத் திறக்கவில்லை. நான் சைக்கிளில் போய்க் கால்நடை மருந்தகத்து டாக்டரம்மாவை அழைத்து வந்தேன்.

அவர் மராத்திப் பெண், நாற்பது வயதிருக்கும். பேபியின் விலாவில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். ஊசி போட்டார். தொடர்ந்து சில நாள் போட வேண்டும் என்றார். பிறகு கொட்டகைக்குள் போய், எங்கள் எல்லோருக்கும் முன்னால் முழங்காலில் உட்கார்ந்து, ஆடு படுக்கும் உயரத்துக்குத் தலையைத் தாழ்த்தினார். "காகா, இங்கே வந்து மூச்சு விட்டுப் பாருங்கள்" என்று மாஸ்டரைக் கூப்பிட்டார்.

மாஸ்டர் குனிந்தார். அடுத்த நொடி கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தார். நானும் குனிந்து பார்த்தேன். கண்ணும் மூக்கும் எரிந்தன. மேலே உலர்ந்து தெரிந்த துணி மெத்தை அடியில் மூத்திரத்தில் ஊறிப் போயிருந்தது. அந்த நெடியும் கரிப்புகையும் ஆட்டின் மூச்சு ஈரமும் போக வழியில்லாமல் உள்ளேயே நின்றன.

"குளிர் மட்டும் இதைச் செய்யவில்லை. இந்தக் காற்றைத்தான் இவள் விடிய விடியச் சுவாசிக்கிறாள். மேலே திறந்து விடுங்கள். காற்று ஆட்டின் மேல் நேராக அடிக்கக் கூடாது. ஆனால் கெட்ட காற்று மேல்வழியாக வெளியே போயாக வேண்டும். தரை உலர்ந்திருக்க வேண்டும். சிகடி கூடவே கூடாது" என்றார் டாக்டரம்மா.

மாஸ்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "சாவப் போற ஆட்டைக் குளிர்ல தொறந்து போடச் சொல்றியா?" என்று தமிழிலேயே கேட்டார். டாக்டரம்மாவுக்கு வார்த்தை புரியவில்லை, தொனி புரிந்தது. "மருந்து என் வேலை. மறுபடி வராமல் பார்ப்பது உங்கள் வேலை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மாஸ்டர் அன்று பகல் முழுக்கக் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தார். விஷயம் கேள்விப்பட்டுக் காசிம் பாய் வந்தார். மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இன்னா பாய், கத்தியோட வந்தியா?" என்றார்.

பாய் கொட்டகைக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "மாஸ்டர், தெனமும் ஆட்டோட நெஞ்சைத் தொறந்து பாக்கறவன் நான். வெளியில மேஞ்சு காத்தோட்டமா வளந்த ஆட்டோட நொரையீரல் பஞ்சு மாதிரி இருக்கும், ரோஸ் கலர்ல. இது மாதிரி மூட்டத்துல கெடந்த ஆட்டோடது கல்லு மாதிரி கெட்டியா, கறுஞ்சிவப்பா இருக்கும். அதை நாங்க விக்கிறதே இல்ல, எறிஞ்சிடுவோம். அந்த அம்மா சொன்னது நெஜம்" என்றார்.

மாஸ்டர் எழுந்தார். கடையிலிருந்து பெரிய கத்தரிக்கோலை எடுத்து வந்தார். தார்ப்பாயின் மேல்பகுதியைச் சுற்றிலும் ஒரு முழ அகலத்துக்கு வெட்டி எறிந்தார். கூரைக்கும் சுவருக்கும் நடுவே திணித்திருந்த கோணிகளைப் பிடுங்கினார். டிசம்பர் மாதத்தில் கொட்டகையைப் பிரிக்கிற மனிதரைப் பார்க்க வரிசையே கூடிவிட்டது. யாரோ, "மாஸ்டருக்கு மூளை பிசகிப் போச்சு" என்றார்கள். "ஆமா, பிசகிப் போச்சு. நேத்து வரைக்கும் பிசகியிருந்துச்சு" என்று ஏணி மேல் நின்றபடி கத்தினார். தன் தப்பைக்கூட அவர் ஒரு சண்டை போலத்தான் ஒப்புக்கொள்வார்.

ஊறிய துணியெல்லாம் குப்பைக்குப் போயிற்று. பழைய பலகைகளை அடித்துத் தரையிலிருந்து கொஞ்சம் உயரமாக ஒரு மேடை செய்தார். அதன்மேல் வைக்கோல். வைக்கோலைக்கூட வெளியே கொண்டுபோய்த் தூசி போக உதறிவிட்டுத்தான் பரப்புவார். ஆற்றுக்காற்று வரும் பக்கம் மட்டும் ஆடு நிற்கும் உயரத்துக்கு மறைப்பு, அதற்குமேல் திறப்பு. ஊசி வேலை செய்தது. பேபி ஒரு பகலில் முருங்கைக் கீரையை நோக்கிக் கழுத்தை நீட்டியபோது ராஜம்மா என் வீட்டுச் சுவரைத் தட்டிக் கூவினார்: "துன்றா! உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, துன்றா!"

அதற்குப் பிறகு மாஸ்டர் டாக்டரம்மாவை விடவில்லை. வாரம் ஒருமுறை மருந்தகத்துக்குப் போய் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வருவார். பதிலை என்னிடம் ஏதோ கேஸ் ஜெயித்தது போலச் சொல்வார். "உள்ளேர்ந்து சூடு வரணுமாம் சார். வயிறு அரைச்சிகினே இருந்தா ஒடம்பு தானா சுடுமாம்." பல் போன ஆடு எப்படி அரைக்கும்? அதனால் காய்ந்த தீவனத்தைக் கத்தரியால் பொடிப்பொடியாக வெட்டி, வெந்நீர் தெளித்து ஊறவைத்துச் சாயங்காலம் வைப்பார். குடிக்கவும் வெதுவெதுப்பான தண்ணீர். குளிர்ந்த தண்ணீரை வயசான ஆடு குறைவாகத்தான் குடிக்குமாம். மழை முடிந்ததும் தடுப்பூசி, பூச்சி மருந்து. சந்தையில் வாங்கிய புது ஆட்டை எவரேனும் ஓட்டி வந்தால், பேபியின் தொட்டிப் பக்கம் அதை அண்ட விடமாட்டார். இப்படித்தான் எதிர்வரிசைக்காரரோடு பெரிய தகராறு வந்தது. "என் ஆடு இன்னா தீண்டத்தகாததா?" என்று அவர் கேட்க, "இருமுது. இருமல் நிக்கட்டும், அப்பறம் சம்பந்தம் பேசலாம்" என்றார் மாஸ்டர்.

அடுத்த குளிர்காலத்தில் கோட்டு தைத்தார். மிலிட்டரிக் கம்பளித் துண்டில், நெஞ்சையும் முதுகையும் மூடி, வயிற்றுக்கடியில் முடிச்சு. தையல்காரர் தைத்த கோட்டு அல்லவா, தோளில் அப்படிப் பொருந்தி உட்கார்ந்தது. பேபி அதைப் போட்டுக்கொண்டு பஜாரில் நடந்த அன்று இரண்டு சிப்பாய்கள் நின்று சல்யூட் அடித்தார்கள். மாஸ்டர் பதில் சல்யூட் வைத்தார்.

ஆனால் கோட்டும் ஒருநாள் அவரைக் கைவிடப் பார்த்தது. ஜனவரியில் எதிர்பாராமல் ஒரு மழை. மேய்ச்சலிலிருந்து பேபி நனைந்து திரும்பினாள். கம்பளி தண்ணீர் குடித்துக் கனத்துத் தொங்கியது. அடியில் ஆடு வெடவெடவென்று நடுங்கியது. மாஸ்டர் முடிச்சை அவிழ்க்க நேரமில்லாமல் தான் தைத்த கோட்டைத் தானே கத்தரியால் வெட்டி எடுத்தார். ராஜம்மா ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், உலர்ந்த கோணியால் தேய்த்துத் தேய்த்து மயிர் காய்கிற வரைக்கும் விடவில்லை. நான் வெந்நீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் இருமல் இல்லை. அதன் மறுநாளும் இல்லை. "ஈரக் கோட்டுக்கு வெறும் ஒடம்பே மேல்" என்று சொல்லி இரண்டு புதுக் கோட்டுகள் தைத்தார், ஒன்று நனைந்தால் மற்றொன்று. வெயில் ஏறியதும் கழற்றிவிடுவார். அந்த மழை நாளுக்குப் பிறகு ராஜம்மா ஸ்வெட்டர் பேச்சை எடுக்கவில்லை. அவர் கேட்காமலே மாஸ்டர் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார். பச்சை நிறம். அதுவும் நிறம் சரியில்லை என்று ஒரு சண்டை ஆயிற்று.

எங்கள் வரிசை வீடுகளின் சொந்தக்காரருடைய மகன் வந்த நாளையும் சொல்ல வேண்டும். ஆட்டு நாற்றம் என்று யாரோ புகார் செய்திருக்கிறார்கள்; ஆட்டை அனுப்பு, இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய் என்று வாசலில் நின்று சத்தமாகச் சொன்னான். ராஜம்மா முகம் வெளுத்துவிட்டது. அந்த வாடகைக்கு வேறு இடம் அவர்களுக்குக் கிடைக்காது.

மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். "வா தம்பி. எங்க நாறுது, காட்டு" என்று அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கொட்டகைக்கு அழைத்துப் போனார். "நின்னுகினு மோந்தா தெரியாது. குந்து. அவ படுக்கற எடத்துல மூக்க வை." அவர் பிடி இரும்பு, அவன் குந்தினான். தினமும் கூட்டி, சுண்ணாம்புத் தூள் தூவி, வைக்கோல் மாற்றிய தரை. வைக்கோல் வாசனைதான் அடித்தது. பேபி அவன் சட்டைக் காலரை நக்கிப் பார்த்தாள்.

"ஆச்சா? இப்ப இன்னொரு எடம் காட்றேன்" என்று அதே பிடியில் எங்கள் பொதுக் கக்கூசுக்குப் பின்னால், பல மாதமாக அடைத்துக்கொண்டிருந்த சாக்கடைக்கு அவனை இழுத்துப் போனார். வரிசையே பின்னால் போனது. "இங்கயும் குந்து" என்றார். அவன் குந்தவில்லை. "வாடகை குடுக்கற நாங்க மோந்துகினு கெடக்குறோம். ஆடு போவாது. நானும் போவ மாட்டேன். இதைத் தொறந்து வுட்டுட்டு வந்து அப்பறம் நாத்தத்தைப் பத்திப் பேசு." அந்த வாரமே சாக்கடை திறக்கப்பட்டது. ஆட்டைப் பற்றி மறுபடி யாரும் வாய் திறக்கவில்லை. அவரைக் கேலி செய்தவர்கள் எல்லோரும் அந்தக் கக்கூசைத்தான் பயன்படுத்தினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காசிம் பாய் தாண்ட மாட்டாள் என்ற குளிரைப் பேபி தாண்டினாள். அதற்கடுத்ததையும், அதற்கும் அடுத்ததையும். நூற்றாண்டு மாறியபோதும் எங்கள் பின்கட்டில் அசை போட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரு மே மாதம், நல்ல வெயில் காலத்தில், மதியம் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. இருமல் இல்லை, மூச்சிரைப்பு இல்லை. நான் துக்கம் விசாரிக்கப் போனேன். மாஸ்டர் கண் சிவந்திருந்தது. ஆனால் குரலில் ஒரு திமிர். "பாத்தியா சார்? மே மாசத்துல போனா. குளிர்கிட்ட தோக்கல" என்றார். பின்னால் நின்றிருந்த காசிம் பாய், "தோக்கல மாஸ்டர், தோக்கல" என்றார்.

பிறகு நான் ஓய்வு பெற்று, மகன் வீட்டோடு பிம்ப்ரிக்கு வந்துவிட்டேன். கலாவதி பாணேரில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே ஃபிளாட் வாங்கினாள். அப்பாவை எத்தனையோ முறை கூப்பிட்டாள். மாஸ்டர் கட்கியை விட்டு அசையவில்லை. கடையையும் மூடவில்லை.

செய்தி கிடைத்த அன்று நான் நேராக அங்கேதான் போனேன். வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். உறவுக்காரர் ஒருவர் என்னிடம், "எழுபத்தஞ்சு தாண்டிட்டாரு. படுக்கையில விழல, ஒருத்தருக்கும் பாரமில்ல. கல்யாணச் சாவுதான் சார். மேளத்துக்குச் சொல்லிடலாமா?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர்களும் தலையாட்டினார்கள். எப்படியும் போகிற வயசுதானே என்றார் ஒருவர்.

உள்ளே சடலத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ராஜம்மாவுக்கு அது கேட்டுவிட்டது. எழுந்து வாசலுக்கு வந்தார். "எதுடா கல்யாணச் சாவு? நேத்து சாயங்காலம் ஒரு பிளவுஸ் வெட்டி வச்சிகினு போயி படுத்தாரு. கை இன்னும் ஏத்தல. நாளைக்குத் தரேன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டாரு. போற வயசாம், போற வயசு. நீ வந்து அதைத் தைப்பியா?" என்று கேட்டார்.

மேளம் வேண்டாம் என்று நான்தான் சொல்லி அனுப்பினேன்.

மாஸ்டரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான். ஓர் உயிரின் காலம் முடிந்துவிட்டது என்று அடுத்தவர் சொல்லும்போது, சரி என்று தலையாட்டாத குணம். எனக்கும் எழுபது ஆகிவிட்டது. போன மாதம் முழங்கால் வலி என்று போனேன். டாக்டர் பரிசோதிக்காமலே, "வயசாயிடுச்சு இல்லையா சார்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். நானும் பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். மாஸ்டரின் காரியம் முடிந்த மறுநாள் அதே டாக்டரிடம் திரும்பவும் போய், அவருக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். "வலது முழங்கால்தான் வலிக்கிறது. இடது முழங்காலுக்கும் அதே வயசுதான். காரணத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், நான் இருக்கிறேன்" என்றேன்.